1947 நியூயார்க் வானொலி அறிவிப்பாளரின் ஒரு ஷிஃப்ட்: விவரம் தெரிந்தவர்கள் உதவவும்

மேடைப்பிரதி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரு மணி நேர ஒலி நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் 1947ல் நியூயார்க்கில் என்.பி.சி. வானொலியில் சம்பளத்தில் இருக்கும் அறிவிப்பாளர். கடைசிக் காட்சி 1963ல். அதே ஆள் தொலைக்காட்சியில், முகம் காட்டாமல், குரலை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் உள்ள பதினாறு வருடம்தான் கதை.

கணீர்க் குரல், சிவப்பு விளக்கு, கோட்டு சூட்டு என்று சினிமாவில் பார்த்ததை வைத்து எழுத மனமில்லை. ஷிஃப்டில் அந்த ஆளின் கையும் கண்ணும் என்ன செய்துகொண்டிருக்கும்? எதிரே என்னென்ன இருக்கும்? தவறு எந்த இடத்தில் நடக்கும், நடந்தால் கேட்பவருக்கு அது எப்படிக் கேட்கும்? டிவிக்குப் போனபோது எது பழைய வேலையாகவே இருந்தது, எதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது? ஆண்டுக் குழப்பம் வராதபடி சொன்னால் பெரிய உதவி.

அலைநீளம் எழுதியது:

குரலை நாலாவது இடத்தில் வையுங்கள். முதல் இடம் கடிகாரத்துக்கு. அந்த வேலையில் தாக்குப்பிடித்தவர்கள் நொடி முள்ளைப் பார்த்தபடியே தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்தவர்கள். குரல் நன்றாக இருந்தும் அது வராதவர்கள் ஊர் நிலையத்தோடு நின்றுவிட்டார்கள்.

அரை மணி நிகழ்ச்சி என்றால் உள்ளபடி 29 நிமிடம் 30 நொடி. மீதி 30 நொடி, ஊர் ஊராக நெட்வொர்க்கோடு இணைந்திருந்த நிலையங்களுக்கு. நிகழ்ச்சி முடிந்ததும் அறிவிப்பாளர் "இது என்.பி.சி., நேஷனல் பிராட்காஸ்டிங் கம்பெனி" என்பார். உடனே மூன்று மணியொலி. மேல்நாட்டு ஸ்வரத்தில் ஜி, ஈ, சி. நம் கணக்கில் கீழ் ப, பிறகு அந்தர காந்தாரம், பிறகு ச. கேட்பவருக்கு அது இனிமையான முத்திரை. நிகழ்ச்சியைக் கம்பி வழியாக ஊர்களுக்குக் கொண்டுபோன தொலைபேசிக் கம்பெனியின் இணைப்பு மையங்களில் இருந்த எஞ்சினியர்களுக்கும் ஊர் நிலையங்களுக்கும் அது "இப்போது மாற்று" என்ற உத்தரவு. ஆரம்பத்தில் கையால் சுத்தியல் கொண்டு தட்டினார்கள். 1930களிலேயே ரிச்சர்ட் ரேஞ்சர் செய்த இயந்திரம் வந்துவிட்டது. ஆகவே 1947ல் உங்கள் நாயகன் கையில் சுத்தியல் கொடுக்காதீர்கள், பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள்.

அந்த 30 நொடியை ஊர் நிலைய அறிவிப்பாளர் இரண்டாகப் பிரிப்பார். 20 நொடி விளம்பரம், அதாவது ஆங்கிலத்தில் 45 முதல் 50 சொற்கள். அடுத்த 10 நொடிக்குள் நிலையத்தின் அழைப்பெழுத்துகளும் (டபிள்யூ.என்.பி.சி. போன்ற அடையாளப் பெயர்) ஊர்ப் பெயரும். அவற்றைச் சொல்வது எஃப்.சி.சி. (ஒலிபரப்பைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசு ஆணையம்) விதி. ராக்ஃபெல்லர் சென்டர் கட்டடத்தில் நெட்வொர்க்கும் நியூயார்க் நிலையமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததால், உங்கள் ஆள் ஒரே நாளில் இரண்டு வேலையும் பார்த்திருப்பார்.

தவறு நடக்கும் இடம் இதுதான். 20 நொடி விளம்பரம் 23 ஆகிவிட்டால் அடுத்த நெட்வொர்க் நிகழ்ச்சியின் முதல் சொல் வெட்டுப்படும். அந்த முதல் சொல் பெரும்பாலும் விளம்பரதாரரின் பெயர், அதனால் மறுநாள் காலை நிச்சயம் ஒரு தொலைபேசி வரும். சீக்கிரம் முடித்துவிட்டால் வெறும் மௌனம். மூன்று நொடி மௌனத்தில் வீட்டில் இருப்பவர் பெட்டி கெட்டுவிட்டதா என்று குமிழைத் திருகத் தொடங்குவார்.

சுவரில் தொங்குவது வெஸ்டர்ன் யூனியன் கடிகாரம். தந்திக் கம்பி வழியாக மணிக்கு ஒருமுறை கடற்படை வானாய்வகத்தின் நேரத்துக்கு அது தானே திருத்திக்கொள்ளும். பல மாடல்களில் அப்போது முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னும். நாடகத்துக்கு நல்ல விவரம், ஆனால் ஒலியில் வராது. யாராவது வாயால் சொல்ல வேண்டும்.

முடிவை நொடி பிசகாமல் கொண்டுவர ஒரு வழக்கம் இருந்தது. முடிவிசை 1 நிமிடம் 10 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிய வேண்டிய நேரத்திலிருந்து 70 நொடி பின்னால் எண்ணி, அந்தப் புள்ளியில் இசைத்தட்டை ஒலி அடக்கி ஓடவிடுவார்கள். அறிவிப்பாளர் பேசி முடிக்கும்போது ஒலியைத் தூக்கினால் போதும். அவர் பத்து நொடி முன்னால் முடித்தாலும் பின்னால் முடித்தாலும் இசை சரியான நொடியில் முடியும். இசைக்குழு நேரில் வாசித்தால் இந்த வசதி கிடையாது. அப்போது கண்ணாடிக்கு அந்தப்புறம் இயக்குநரின் கை பேசும். இரு கையையும் ரப்பர் இழுப்பதுபோல் விரித்தால் மெதுவாகப் போ. ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் வேகம். மூக்கைத் தொட்டால் நேரம் கச்சிதம். தொண்டையை அறுப்பதுபோல் காட்டினால் உடனே நிறுத்து.

அழைப்பெழுத்துகளில்தான் பலர் சறுக்குகிறார்கள், குறித்துக்கொள்ளுங்கள். என்.பி.சி.யின் நியூயார்க் வானொலி 1946 நவம்பர் வரை டபிள்யூ.ஈ.ஏ.எஃப்., பிறகு டபிள்யூ.என்.பி.சி., 1954ல் டபிள்யூ.ஆர்.சி.ஏ., 1960ல் மறுபடி டபிள்யூ.என்.பி.சி. தொலைக்காட்சி 1941 முதல் டபிள்யூ.என்.பி.டி., 1954ல் டபிள்யூ.ஆர்.சி.ஏ. டிவி, 1960 முதல் டபிள்யூ.என்.பி.சி. டிவி. "ரெட் நெட்வொர்க்" என்றும் சொல்ல வைக்காதீர்கள். முன்பு என்.பி.சி.க்கு ரெட், ப்ளூ என்று இரண்டு நெட்வொர்க் இருந்தன. ப்ளூ 1943ல் விற்கப்பட்டுப் பின்னால் ஏ.பி.சி. என்ற போட்டி நெட்வொர்க் ஆகிவிட்டது. 1947ல் இருந்தது வெறும் என்.பி.சி.

ரிப்பன் மைக் எழுதியது:

மேசை மேல் என்ன இருக்கும் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் மேசையே இருக்காது. ஸ்டுடியோவில் நின்றுகொண்டுதான் வாசிப்பார்கள், உதரவிதானம் அமுங்காமல் மூச்சு வரும். உட்கார்ந்து வாசிப்பது சிறிய அறிவிப்பு பூத்தில்.

எதிரே ஆர்.சி.ஏ. 44-பி.எக்ஸ். மைக். உள்ளே காந்தத்தின் நடுவே மடிப்பு மடிப்பாக, சில மைக்ரான் தடிமனில் ஓர் அலுமினிய ரிப்பன். முன்னும் பின்னும் ஒரே அளவு கேட்கும், இரு பக்கவாட்டிலும் செவிடு. எனவே நடிகர்கள் இருவர் எதிரெதிரே நின்று ஒரே மைக்கில் பேசலாம். ஒருவர் தூரத்துக்குப் போவதாகக் காட்ட அறையின் மூலைக்கு நடக்க வேண்டியதில்லை, பக்கவாட்டில் ஓர் அடி நகர்ந்தால் போதும்.

அறிவிப்பாளர் ஓர் அடி முதல் ஒன்றரை அடி தள்ளி நிற்பார். அதைவிட நெருங்கினால் கீழ்ச்சுருதி வீங்கி, சாதாரண ஆளும் சிங்கக் குரலாகிவிடுவார். பல பிரபலக் குரல்களின் ஆழத்தில் பாதி இந்த மைக்கின் கொடை என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் அதோடு சொல்லின் கூர்மை மழுங்கும், சிறிய ஸ்பீக்கர் உள்ள வீட்டுப் பெட்டியில் வெறும் உறுமலாகக் கேட்கும். இதற்காகவே 44-பி.எக்ஸில் இசைக்கு ஒன்றும் பேச்சுக்கு இரண்டுமாக மூன்று இணைப்பு நிலைகள் உண்டு. பேச்சு நிலை கீழ்ச்சுருதியைக் குறைக்கும். முந்தைய நாள் இசைக்குழுவுக்காக மாற்றிவிட்டு யாரும் திருப்பி வைக்கவில்லை என்றால் காலைச் செய்தி முழுக்கக் குடத்துக்குள் பேசியதுபோல் வரும்.

ஊதிச் சோதிப்பது, விரலால் தட்டுவது, படுக்கவைத்து எடுத்துப்போவது, எல்லாமே ரிப்பனைத் தொய்ய வைக்கும். "ப", "ஃப" போன்ற ஒலிகள் நேராக அடிக்காதபடி முகத்தைச் சற்றுச் சாய்த்து, மைக்கின் குறுக்கே பேசுவார்கள். படங்களில் எல்லோரும் பிடித்துக்கொண்டு நிற்கும் மாத்திரை வடிவ 77-டி.எக்ஸ். 1950களின் நடுவில்தான் வந்தது. 1947 காட்சியில் அதன் பெயர் வரக் கூடாது.

ஸ்கிரிப்ட் பற்றியும் சொல்கிறேன், காகித ஓசை உங்களுக்குத் தேவைப்படும். ஊசியோ கிளிப்போ போட்டிருந்தால் கழற்றிவிடுவார்கள். பக்கத்தைப் புரட்டுவதில்லை, பக்கவாட்டில் சரித்து விலக்குவார்கள் அல்லது தரையில் நழுவவிடுவார்கள். வரிக்கு வரி இரண்டு அல்லது மூன்று மடங்கு இடைவெளி. ஒரு வாக்கியம் அடுத்த பக்கத்துக்குத் தாவாது. செய்தி என்றால் ஏறக்குறைய 15 தட்டச்சு வரிக்கு ஒரு நிமிடம். ஓரத்தில் பென்சிலால் நேரக் குறிப்பு, மூச்சுக்கு ஒரு சாய்கோடு, நீண்ட நிறுத்தத்துக்கு இரண்டு, அழுத்தத்துக்கு அடிக்கோடு. வேகம் நிமிடத்துக்கு 150 முதல் 160 சொல். வெளிநாட்டுப் பெயர் வந்தால் அதன் மேலேயே ஒலிப்பை எழுதிவைப்பார்கள். என்.பி.சி. 1943லேயே இதற்கென்று ஓர் உச்சரிப்புக் கையேடு அச்சிட்டது, ஜேம்ஸ் பெண்டர் தொகுத்தது. உங்கள் நாயகனின் பூத்தில் அதன் ஒரு பிரதியைத் தாராளமாக வைக்கலாம்.

மேடைப்பிரதி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் மூன்று கேள்வி. ஒன்று, நாயகன் தன் குரலை டேப்பில் போட்டுக் கேட்கும் காட்சி எழுதியிருக்கிறேன், 1947ல் அது நடக்குமா? இரண்டு, வாய் தவறும் காட்சி ஒன்று வேண்டும், நம்பும்படி. மூன்று, சம்பளம்: ஷிஃப்ட் ஆளுக்கு அதற்குமேல் ஏதாவது கிடைத்ததா?

அலைநீளம் எழுதியது:

டேப்பை எடுத்துவிடுங்கள். பதிவு செய்த நிகழ்ச்சிகளை என்.பி.சி.யும் அதன் போட்டி நெட்வொர்க்கான சி.பி.எஸ்.ஸும் நெட்வொர்க்கில் அனுமதிக்காத காலம் அது. பாடகர் பிங் கிராஸ்பி 1946ல் ஏ.பி.சி.க்குப் போனதே முன்கூட்டிப் பதிவு செய்யும் உரிமைக்காக. அவர் 1947 இலையுதிர் காலத்தில் டேப்புக்கு மாறினார். ஆம்பெக்ஸ் 200 டேப் பதிவு இயந்திரங்கள் ஏ.பி.சி.யில் வேலைக்கு வந்தது 1948 ஏப்ரலில். உங்கள் ஆள் தன் குரலைக் கேட்க வேண்டுமென்றால் 16 அங்குல அசிடேட் பதிவுத் தட்டில் கேட்கட்டும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று, பக்கத்துக்கு 15 நிமிடம், முள்ளின் கரகர ஓசையோடு. அரை மணி நிகழ்ச்சிக்கு இரண்டு பக்கம் வேண்டும், நடுவில் ஒரு மாற்றம் கட்டாயம் வரும்.

தட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1937 மே 6ல் ஹிண்டன்பர்க் விமானக்கப்பல் எரிந்ததை வானொலி நிருபர் ஹெர்பர்ட் மாரிசன் பதிவு செய்தது இப்படியொரு தட்டில்தான். பதிவுப் பொறி சற்று மெதுவாகச் சுழன்றதால் சாதாரண வேகத்தில் போடும்போது அவர் குரல் உண்மையைவிடக் கீச்சென்று, அவசரமாகக் கேட்கிறது. ஆகவே பழைய பதிவைப் போட்டுக்காட்டி "அந்தக் காலக் குரல் இப்படித்தான்" என்று நடிகரைப் பழக்காதீர்கள்.

பதிவுக்குத் தடை இருந்ததன் விளைவு உங்கள் கதைக்குத் தங்கச் சுரங்கம். நியூயார்க்கில் இரவு 8 மணி என்றால் லாஸ் ஏஞ்சலிஸில் மாலை 5. ஆகவே மேற்குக் கரைக்காக அதே நிகழ்ச்சியை இரவு 11 மணிக்கு நேரலையில் மறுபடி முழுக்க நடத்தினார்கள். அதே நகைச்சுவை, அதே இசை, அதே சோப்பு விளம்பரம். இரண்டுக்கும் நடுவே மூன்று மணி நேரம் சும்மா. உங்கள் நாயகனின் குடும்ப வாழ்க்கை எங்கே போயிற்று என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

சம்பளம்: ஷிஃப்டுக்கு வாரச் சம்பளம். விளம்பரதாரர் பணம் கொடுக்கும் நிகழ்ச்சியில் குரல் கொடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம், மேற்குக் கரை மறு நிகழ்ச்சிக்கும் தனிக் கட்டணம். இதையெல்லாம் பேசி வாங்கியது 1937ல் அமைந்த ஆஃப்ரா தொழிற்சங்கம். அது 1952ல் தொலைக்காட்சிச் சங்கத்தோடு சேர்ந்து ஆஃப்ட்ரா ஆயிற்று. ஒரே பூத்தில் ஒரே ஷிஃப்டில் இருந்த இருவரில், நல்ல விளம்பரதாரர் அமைந்தவர் வசதியாக இருப்பார், மற்றவர் சம்பளத்தோடு நிற்பார். மோதலுக்குக் களம் அங்கே இருக்கிறது.

வாய் தவறுவதற்கு அறிவிப்பாளர் ஹாரி வான் ஸெல் உதாரணம் இருக்கிறது. ஹெர்பர்ட் ஹூவர் பெயரை "ஹூபர்ட் ஹீவர்" என்று புரட்டியவர். ஜனாதிபதியை நேரில் அறிமுகப்படுத்தும்போது நடந்ததாகச் சொல்லப்படுவது தவறு, பிறந்தநாள் வாழ்த்துரை ஒன்றை வாசித்தபோது நடந்தது. இப்போது சுற்றும் ஒலிப்பதிவும் பின்னால் செய்த மறுநடிப்பு. கவனிக்க வேண்டியது, அரிய பெயரில் நாக்கு புரள்வது குறைவு, ஏனென்றால் அதற்கு ஒத்திகை பார்த்திருப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த, ஒரே பக்கத்தில் பலமுறை வரும் பெயரில்தான் அது நடக்கும். நிற்காமல், ஒருமுறை மட்டும் திருத்தி, அதே சுருதியில் தொடர்வதே முறை. சிரித்துவிட்டால் மீள முடியாது. இருமல் வந்தால் மட்டும் பூத்தில் மைக்கைத் துண்டிக்கும் சாவி உண்டு.

பழைய சிக்னல் எழுதியது:

டிவிப் பகுதிக்கு நான். அலைநீளம் சொன்ன கடிகாரம் சரிதான், ஆனால் 1950களில் அதைவிடப் பெரிதானது விளம்பரம் என்பது என் கருத்து. வானொலியில் தவறு காதோடு போகும். டிவியில் பொருளே எதிரே நிற்கும்.

1954ல் வெஸ்டிங்ஹவுஸ் குளிர்பெட்டி விளம்பரம் நேரலையில் போகிறது, கதவு திறக்கவே இல்லை. அதில் நின்றவர் வழக்கமாக அந்த விளம்பரங்களைச் செய்த நடிகை பெட்டி ஃபர்னெஸ் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மையில் அன்று அவருக்குப் பதில் நின்றவர் ஜூன் கிரஹாம். அவர் பேச்சை நிறுத்தவில்லை. கேமரா அவர் முகத்துக்கு நெருங்கிப்போய்ப் பெட்டியைச் சட்டகத்திலிருந்து விலக்கியது. அறிவிப்பாளர் தொழிலின் பாடமே அதுதான், வாய் ஓடிக்கொண்டே இருந்தால் மற்றவர்களுக்கு வழி பிறக்கும்.

வானொலிக்காரர்கள் புதிதாகக் கற்றவை: முதலில், படத்தில் தெரிவதைச் சொல்லாமல் இருப்பது. வானொலிப் பழக்கத்தில் எல்லாவற்றையும் வருணித்தால் பார்ப்பவருக்கு எரிச்சல். அடுத்து உடை. 1946ல் வந்த இமேஜ் ஆர்த்திகான் கேமராவில் மிகப் பிரகாசமான இடத்தைச் சுற்றிக் கருவளையம் விழும். அதனால் வெள்ளைச் சட்டைக்குப் பதில் வெளிர் நீலம். பிறகு, தாளைப் பார்க்காமல் பேசுவது. வாசிக்க வேண்டியதைக் கேமரா அருகே உருட்டிக்காட்டும் டெலிப்ராம்ப்டர் சி.பி.எஸ்.ஸில் முதலில் பயன்பட்டது 1950 டிசம்பரில். அதற்கு முன் மனப்பாடம், அல்லது கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் பிடிக்கும் அட்டை. அட்டையைப் பார்ப்பவரின் கண் சற்று விலகியிருப்பது பழைய படச்சுருள்களில் தெளிவாகத் தெரியும்.

முகம் காட்டாத பூத் வேலையோ அப்படியே பழைய வேலை. கூடுதலாக ஒரு மானிட்டர். திரையில் ஸ்லைடு அல்லது "டெலாப்" எனப்படும் அட்டைப்படம், அதன்மேல் பத்து நொடிக் குரல். 16 மி.மீ. படம் ஓடவேண்டுமென்றால் புரொஜெக்டர் வேகம் பிடிக்கச் சில நொடி ஆகும். இயக்குநர் அதை முன்கூட்டியே ஓடவிடுவார். அந்த நொடிகளை நிரப்புவது அறிவிப்பாளரின் கடைசி வாக்கியம். அவர் சீக்கிரம் முடித்தால் திரையில் எண்கள் இறங்கும் முன்னோட்டத் துண்டு தெரிந்துவிடும்.

கேள்விப் போட்டிகளில் வேலை இன்னும் அதிகம். தொடங்குமுன் அரங்கத்துப் பார்வையாளர்களைக் கலகலப்பாக்குவது, பரிசுப் பொருளின் மாடலையும் தயாரிப்பாளரையும் வரி தவறாமல் சொல்வது, முடிவில் பொருள் கொடுத்த கம்பெனிகளின் பட்டியலை மூச்சுவிடாமல் வாசிப்பது. பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு சொன்னால் யார் கொடுத்தது என்று சொல்லியாக வேண்டும், 1934 தகவல்தொடர்புச் சட்டத்தின் 317வது பிரிவு.

உங்கள் நாயகனுக்கு மிக அருகில் வருபவர் டான் பார்டோ. 1938ல் பிராவிடன்ஸ் நகரின் டபிள்யூ.ஜே.ஏ.ஆர். நிலையம், 1944ல் நியூயார்க் என்.பி.சி. பிறகு 1956 முதல் 1963 வரை "தி பிரைஸ் இஸ் ரைட்" என்ற டிவிப் போட்டி. அது ஏ.பி.சி.க்குப் போனபோது நிகழ்ச்சியோடு இவர் போகவில்லை, நெட்வொர்க்கின் ஆள் என்பதால் தங்கிவிட்டார். 1964 முதல் 1975 வரை "ஜெப்பர்டி!" என்ற கேள்விப் போட்டி. 1975 அக்டோபரில் தொடங்கிய "சாட்டர்டே நைட் லைவ்" நிகழ்ச்சிக்கு ஒரு பருவம் தவிர 2014ல் இறக்கும்வரை குரல். மறுதிசையில் போனவர் ஜான் டேலி. சி.பி.எஸ். வானொலியில் 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் செய்தியை வாசித்தவர். 1950ல் டிவிப் புதிர் நிகழ்ச்சியின் முகமானார், கூடவே ஏ.பி.சி. செய்திப் பிரிவையும் நடத்தினார். மில்டன் கிராஸ் எங்கும் நகரவே இல்லை. 1931 கிறிஸ்துமஸ் அன்று தொடங்கிய மெட்ரோபாலிட்டன் ஓபரா வானொலி ஒலிபரப்பில் 1975 ஜனவரியில் இறக்கும்வரை அவர்தான்.

மேடைப்பிரதி எழுதியது:

1963 காட்சியை ஜனாதிபதி கென்னடி சுடப்பட்ட நவம்பர் 22ல் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். பூத்தில் அன்று என்ன நடந்திருக்கும்?

பழைய சிக்னல் எழுதியது:

வைக்கலாம், ஆனால் நிமிடங்களைச் சரியாக வையுங்கள். யு.பி.ஐ. செய்தி நிறுவனத்தின் முதல் டெலிடைப் (கம்பி வழியாக வந்து தானே தாளில் அச்சாகும்) செய்தி நியூயார்க் நேரம் பிற்பகல் 1:34க்கு. 1:40க்கு சி.பி.எஸ். நேரலையில் போய்க்கொண்டிருந்த பகல் தொடரை வெட்டியது. திரையில் "செய்தி" ஸ்லைடு மட்டும், செய்தியாளர் வால்டர் க்ரான்கைட்டின் குரல் மட்டும். அவர் முகத்தைக் காட்ட முடியாததற்குக் காரணம் செய்தி அறைக் கேமராவின் குழாய்கள் சூடேறியிருக்கவில்லை. அதற்குச் சுமார் இருபது நிமிடம் பிடிக்கும். என்.பி.சி.யின் நியூயார்க் நிலையத்தில் ஏறக்குறைய 1:45க்கு ஒரு பழைய தொடரின் மறு ஒளிபரப்பை நிறுத்தி பூத்திலிருந்து வாசித்தவர் டான் பார்டோ.

ஒலி நாடகத்துக்கு இது பொருந்தும். தொடரின் ஒலி பாதி வாக்கியத்தில் அறுபட வேண்டும், இறங்கித் தேயக் கூடாது. பிறகு ஒரு நொடி பூத்தின் வெற்றொலி. மைக் சாவி திறக்கும் சத்தம் கேட்கக் கூடாது, அவருக்குக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து வரும் பேச்சும் அந்தக் கணத்தில் துண்டாகும். மைக் திறந்ததும் பூத் ஸ்பீக்கர் தானே அணையும்படி ரிலே வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் ஊளையிடும். ஆகவே வாசித்து முடிக்கும்வரை வெளியே யார் என்ன சொல்கிறார்கள் என்று அவருக்குக் கேட்காது. கையில் டெலிடைப்பிலிருந்து கிழித்த தாள், எல்லாமே பெரிய எழுத்து, ஒத்திகை கிடையாது. வேகத்தை 150லிருந்து 120 சொல்லுக்கு இறக்கச் சொல்லுங்கள் உங்கள் நடிகரை. குரலில் வேறு எதையும் மாற்ற வேண்டாம்.